துயிலெழாத கணினி

ஒரு கருவி செவ்வனே இயங்குங்கால் அதன் இயக்கத்தை நாம் நினைப்பதில்லை. நோவற்ற கால் நடையில் நினைவிற்கு வாராது. முள் தைத்த காலே நாள் முழுதும் நினைவில் நிற்கும். ஒன்று இடையிற் பழுதுபட்டு நின்றபொழுதே, அஃது எத்துணைப் பகுதிகளால் ஆயது, அவை எம்முறையில் ஒன்றையொன்று தொடர்கின்றன என்னும் ஆராய்ச்சி நம்மிடத்துப் பிறக்கின்றது. இவ்வுண்மை 2024-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் என் மடிக்கணினியால் எனக்கு நன்கு விளங்கிற்று. அந்நிகழ்ச்சியை ஈண்டு எழுதப் புகுந்தது இருபயன் கருதி. தம் எழுத்துக்களைக் கணினியில் வைத்திருக்கும் அன்பர்கட்கு இஃது ஒரு வழித்துணையாதல் ஒன்று. யான் செய்த பிழையொன்றனை மறையாது கூறி ஒழிதல் மற்றொன்று.

யான் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின்னர்க் கொள்ளிடக் கரையூர்களில் உழவர் பெருமக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து வந்தேன். பரம்பு, தாளடி, கருக்காய், கலிங்கு என்றற் றொடக்கத்துச் சொற்களும், அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஊர்தோறும் வேறுபடும் பொருள் நுணுக்கங்களும் என் மடிக்கணினியில் நிறைந்திருந்தன. அவையேயன்றி, அச்சொற்களைக் கூறினார் பலருடைய குரல்களும் ஒலிப்பதிவுகளாக அதன்கண் இருந்தன. அவருள் ஒருவர் என் தமக்கையார். 2019-ஆம் ஆண்டு கோடையில், திண்ணையில் அமர்ந்தபடி, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அவர் சொல்லச் சொல்ல யான் பதிந்துகொண்டேன். 2022-ஆம் ஆண்டு தைத் திங்களில் அவர் மறைந்தார். எழுத்துக்களுள் ஒரு பகுதிக்குப் பழைய படி உண்டு. அக்குரலுக்கோ வேறு படியில்லை. எடுத்தல் வேண்டுமெனப் பலகாலும் நினைத்தேன், நினைத்ததோடு நின்றேன்.

அவ்வாடியில் ஒருநாட் காலை கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். செய்தாருடைய முத்திரை தோன்றிற்று. அதன்கீழ்ச் சிறு புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. பின்னர்த் திரை முழுதும் நீலமாயிற்று. வாடிய முகம் போல்வதொரு குறியும், கணினி இடர்ப்பட்டுவிட்டது, மீண்டும் தொடங்கவேண்டும் என்னும் வாசகமும், அடியில் ஓர் ஆங்கிலத் தொடரும் காணப்பட்டன. சிறிது நேரத்தில் தானே அணைந்து தானே தொடங்கிற்று. மீண்டும் முத்திரை, மீண்டும் புள்ளிகள், மீண்டும் நீலம். நீரிறைக்கும் ஏற்றம் சாலின்றி ஏறி இறங்கினாற்போல அது வறிதே சுழன்றுகொண்டிருந்தது.

இதனைக் கேள்வியுற்ற அயலார் பலரும், "அஃது உலகமெங்கும் வந்த நோயன்றோ!" என்றனர். அவர் கருதியது பின்வருவது. அதற்குச் சில நாள் முன்னர், 2024 ஜூலை 19-ஆம் நாள், இந்திய நேரம் காலை 9.39 மணிக்குக் கிரௌட்ஸ்டிரைக் என்னும் நிறுவனம் தன் காவல்மென்பொருளுக்கு ஒரு புதுக் குறிப்புக் கோப்பினை அனுப்பியது. அக்கோப்பு 21 உள்ளீடுகளை வேண்டி நின்றது. மென்பொருள் அதற்குக் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவதனைப் படிக்கப் புக்க நிரல் தனக்குரிய நினைவகத்தின் எல்லையைக் கடந்தது. அந்நிரல் கணினியின் கருவிடத்தே இயங்குவதாதலின், அது வீழக் கணினியே வீழ்ந்தது. ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் இங்ஙனம் தாக்குண்டன என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானப் போக்குவரவு பல நாடுகளில் தடைப்பட்டது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் கையால் எழுதிய பயணச் சீட்டுக்கள் வழங்கப்பட்டன. பிழையான கோப்பு 78 நிமிடத்துள் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் என்? திருத்திய கோப்பினைப் பெறுதற்குக் கணினி முதற்கண் எழுந்து நிற்றல் வேண்டுமன்றோ? எழாத கணினி எங்ஙனம் பெறும்? ஆகலின் மிகப் பலவற்றை ஆட்கள் நேரே அணுகி, ஒவ்வொன்றாகச் சேஃப் மோட் என்னும் குறைநிலையில் எழுப்பி, அக்கோப்பினை நீக்கவேண்டியதாயிற்று.

அயலார் கூற்றை யானும் நம்பினேன். நம்பியது எற்றாலெனின், இரண்டிடத்தும் நீலத் திரை ஒத்திருந்தமையால். பனிப்படலத்தைப் புகையெனக் கொண்டு மலையில் தீயுண்டென்று துணிவானை அளவை நூலார் இகழ்வர். யானும் அவனே ஆயினேன். நீலத்திரை ஒரு குறி மாத்திரையே; அதனைத் தோற்றுவிக்கும் காரணங்களோ பல. என் கணினியில் அக்காவல்மென்பொருளே கிடையாது. அதனை வினவியறியும் அறிவு அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பழுது பார்க்கும் கடையொன்றற்குக் கொண்டு சென்றேன். ஆண்டிருந்தவர் இருமுறை இயக்கிப் பார்த்து, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடலாம் ஐயா, மாலையில் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். "உள்ளிருப்பவை?" என்றேன். "போய்விடும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கணினி இயங்கவேண்டுமென்பதொன்றே அவர்க்கு இட்ட பணி. "சரி" என்னும் சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அவ்வமயம் தமக்கையாரின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரியிற் கணினிக் கல்வி பயில்பவள். செய்தியைக் கேட்டவுடன், "தாத்தா, அதனை யாரிடமும் கொடுக்கவேண்டா. நான் சனிக்கிழமை வருகிறேன். அதுவரை பொத்தானையும் தொடாதிருங்கள்" என்றாள். பின்னர்ச் சற்றே தாழ்ந்த குரலில், "ஆச்சி குரல் அதில்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். யான் விடை கூறாது கணினியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அவள் வந்தவுடன் திருத்தத் தொடங்கினாளல்லள். ஒரு தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கி, நீலத்திரையின் அடியிலிருந்த தொடரை எழுத்துப் பிசகாமற் குறித்துக்கொண்டாள். தொடக்க வட்டினை அணுக இயலவில்லை என்பது அதன் பொருள். "இதனை வைத்துக்கொண்டு முதலில் எது பழுதன்று என்று பார்ப்போம், தாத்தா" என்றாள். ஒழிபு என்று நம் நூலோர் கூறும் அளவையே ஈதென்று எனக்குத் தோன்றியது. பலவற்றை ஒவ்வொன்றாக விலக்கி எஞ்சியதனைத் துணிதலன்றோ அவ்வளவை?

ஈண்டுக் கணினி துயிலெழும் முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். கணினியில் எந்நிரலும் தானே வந்து அமராது. அதனை ஏற்றுதற்கு மற்றொரு நிரல் வேண்டும். அம்மற்றொன்றை ஏற்றுதற்கு வேறொன்று வேண்டும். இங்ஙனம் சென்றால் வரம்பின்றி ஓடல் என்னும் குற்றம் நேருமன்றோ எனின், நேரும். ஆங்கிலத்தில் இத்தொடக்கத்தைப் பூட் என வழங்குவதும் இதுபற்றியே. ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் இயலாச் செயலைச் சுட்டிய தொடரின் சுருக்கம் அஃது. அக்குற்றம் நேராமைப் பொருட்டு, மின்னற்ற பொழுதும் அழியாத சில்லு ஒன்றில் முதல் நிரல் பதித்து வைக்கப்பட்டுள்ளது. அதனை யூஇஎஃப்ஐ என்பர். அது விழித்து, நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியன உளவோ என நோக்கும். பின்னர் வட்டின் ஒரு சிறு பகுதியினின்று தொடக்க மேலாளரை எழுப்பும். அது தன் குறிப்பேட்டைப் பார்த்து ஏற்றுநிரலை அழைக்கும். ஏற்றுநிரல் இயங்குதளத்தின் கருவையும், தொடக்கத்திற்கு இன்றியமையாத சாதன இயக்கிகளையும் நினைவகத்தில் வைத்துக் கருவிடம் ஆட்சியை ஒப்புவித்து அகலும். அதன் பின்னரே நாம் பெயரும் மறைசொல்லும் இடும் வாயில் தோன்றும்.

இனி, என் கணினியில் இச்சங்கிலி எங்கே அற்றது? முத்திரை தோன்றியமையின் மின்னும் சில்லும் பழுதல்ல. புள்ளிகள் சுழன்றமையின் தொடக்க மேலாளரும் ஏற்றுநிரலும் தம் பணியைத் தொடங்கினவென்பது பெற்றாம். நீலத்திரையை எழுதுவது கருவே. ஆகலின் கருவும் எழுந்தது. எழுந்த கரு, வட்டினை அணுக இயலவில்லை என்கின்றது. ஈண்டு எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. "அம்மா, அக்கருவே வட்டிலிருந்து வந்ததன்றோ? வட்டினை அணுக இயலாதாயின் அது வந்தது எவ்வாறு?" என்று வினவினேன். அவள் முகம் மலர்ந்தது. "அதுதான் நமக்கு நல்ல செய்தி, தாத்தா. ஏற்றுநிரல் வட்டினைப் படித்தது சில்லின் துணையால். கரு தன் சொந்த இயக்கியைக் கொண்டு படிக்க வேண்டும். முன்னது முடிந்தது, பின்னது முடியவில்லை. ஆகவே வட்டு சாகவில்லை. நடுவிலே ஏதோ குலைந்திருக்கிறது" என்றாள். அவ்விடையால் மூன்று நாளாக என் நெஞ்சின்மீதிருந்த கல் சிறிது பெயர்ந்தது.

பின்னர் அவள் செய்தவற்றை முறையே கூறுவேன். பென்டிரைவ், அச்சுப்பொறி, சுட்டி முதலிய புறக்கருவிகளை எல்லாம் நீக்கினாள். சில்லின் அமைப்புத் திரையைத் திறந்து, வட்டின் பெயர் ஆண்டுத் தோன்றுவதையும் வட்டினை அணுகும் முறை மாறாதிருப்பதையும் கண்டுகொண்டாள். தொடக்கம் அடுத்தடுத்துத் தவறின், விண்டோஸ் தானாகவே மீட்புச் சூழல் என்னும் வேறொரு சிறு இயங்குதளத்திற்குச் செல்லும். என் கணினியும் அவ்வாறு செல்ல முயன்றிருத்தல் வேண்டும். யானோ ஒவ்வொரு முறையும் பொறுமையின்றி அணைத்துவிட்டேன். இம்முறை காத்திருந்தோம். மீட்புச் சூழல் திறந்தது. திறந்தவுடன் அது ஒரு சாவியைக் கேட்டது.

ஆறு எண்களாக எட்டுத் தொகுதி, ஆக 48 இலக்கங்கள். வட்டு பிட்லாக்கர் என்னும் முறையால் மறைகுறியாக்கப்பட்டிருந்தது. அஃது அங்ஙனமிருந்ததே எனக்குத் தெரியாது. நெல் மணி பிடியாது கருகிய பயிரைத் தமக்கையார் "சாவி" என்று கூறியதும், "சாவி விழுந்தால் அவ்வாண்டு வீட்டில் அடுப்பும் பாதிதான்" என்று சேர்த்ததும் எனக்கு நினைவிற்கு வந்தன. பேத்தி கலங்கினாளல்லள். கணினி வாங்கிய நாளில் எம்மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்தோம் என்று வினவினாள். அன்று அதனை அமைத்துத் தந்தவன் அவள் தந்தையே. அக்கணக்கினைத் தன் கைப்பேசியில் திறந்தாள். அதன்கண் சாவி இருந்தது. திரையிற் கண்ட அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துக்களைக் கணக்கிலுள்ளதனோடு ஒப்பிட்டு, உரிய சாவி அதுவே எனத் தெளிந்த பின்னரே எண்களை இட்டாள். யான் ஒவ்வோர் ஆறினையும் உரக்கப் படித்தேன், வட்டு திறந்தது.

கடைக்காரர் முதலில் அழிக்க எண்ணினார். இவளோ முதலிற் படியெடுக்க எண்ணினாள். திருத்தும் முயற்சி எதுவும் தவறிப் போகலாமாதலின், திருத்துமுன் காத்தலே முறை என்றாள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து தேடியபோது, நாம் சி என வழங்கும் வட்டு ஆண்டு டி எனப் பெயர் மாறி நின்றது. மீட்புச் சூழலில் இங்ஙனம் எழுத்து மாறுதலுண்டு. நோக்காது கட்டளையிடுவார் வேறொரு பகுதியைக் கெடுப்பர். உரிய இடத்தைக் கண்டு, என் தொகுப்பு முழுவதனையும் புறவட்டு ஒன்றிற்குப் படியெடுத்தாள். அவ்வட்டினைத் தன் கைப்பேசியோடு இணைத்து ஓர் ஒலிப்பதிவினைத் தட்டினாள்.

"எழுதிக்கொண்டாயா, தம்பி?" என்றது தமக்கையாரின் குரல்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பின் அங்ஙனம் கேட்பது அவர் வழக்கம். எனக்கு எழுத்தறிவு உண்டென்பதை அவர் ஒருபொழுதும் முழுதும் நம்பியதில்லை. பேத்தியும் யானும் சிறிது நேரம் ஒருவரையொருவர் நோக்கவில்லை.

பொருள் தப்பியது, கணினி இன்னும் எழவில்லை. தானே திருத்தும் வாய்ப்பினை முயன்றாள். திருத்த இயலவில்லை என்று அது விடை கூறிற்று. வட்டின் கோப்பு ஒழுங்கினைச் சரிபார்க்கும் கட்டளையை இட்டாள். அது நெடுநேரம் ஓடிச் சில பிழைகளைக் களைந்தது. மீண்டும் தொடங்கினோம், மீண்டும் நீலமே. அவள் தாளை நோக்கி நெடிது எண்ணினாள். பின், "தாத்தா, கடைசியாக நன்றாக இருந்த அன்று மாலை என்ன செய்தீர்கள்?" என்றாள். "வழக்கம்போல் மூடி வைத்தேன்" என்றேன். இதே வினாவினை அவள் தொலைபேசியிலும் கேட்டாள், வந்தவுடனும் கேட்டாள். இருமுறையும் இதே விடையே கொடுத்திருந்தேன்.

அன்பர்காள்! அவ்விடை மெய்யன்று.

அன்று மாலை கும்பகோணம் செல்லும் பேருந்திற்கு நேரமாகிவிட்டது. கணினியை மூட முற்பட்டபோது, புதுப்பித்தல் நடைபெறுகின்றது, அணைக்கவேண்டா என்று திரையில் எழுதியிருந்தது. நூற்றுக்கு முப்பது என்னுமளவில் அது நின்றது. சிறிது பொறுத்தேன்; நகரவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். மறுநாள் நீலத்திரையைக் கண்டவுடனேயே என் உள்ளம் இதனை அறிந்திருந்தது. அறிந்தும், உலகமெங்கும் வந்த நோயென அயலார் கூறியதை விரைந்து பற்றிக்கொண்டேன். பற்றியது அறியாமையாலன்று, அதன்கண் என் குற்றம் மறைந்துகொள்ள இடமிருந்தமையால். முப்பதாண்டு மாணாக்கரை நோக்கி, "செய்ததைச் செய்தேனென்று சொல்" என்று கூறிய வாய் இது. ஒரு சிறு பெண்ணின் முன் அதனைச் சொல்ல எனக்கு ஐந்து நாளாயிற்று.

சொன்னேன். அவள் சினந்தாளல்லள், நகைத்தாளுமல்லள். "இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், தாத்தா" என்றாள். புதுப்பித்தல் என்பது பழைய கோப்புக்களை நீக்கிப் புதியனவற்றை அமர்த்துதல். பாதியில் நின்றால், பழையதும் முழுதாக இராது, புதியதும் முழுதாக வந்திராது. கூரையைப் பிரித்துவிட்டுக் கீற்று வேயாமற் சென்ற வீடு போல்வது அந்நிலை. வட்டினை அணுகும் இயக்கியும் அங்ஙனம் இடைநின்றவற்றுள் ஒன்றாதல் கூடும். முற்றுப்பெறாது நிற்கும் மாற்றங்களைத் திரும்பப் பெறுக என்பதொரு கட்டளை உண்டு; டிஸ்ம் என்னும் கருவியால் அதனை இடுவர். வட்டின் எழுத்து டி என்பதை மறவாது அவள் அதனை இட்டாள். மறுதொடக்கத்தின்போது மீட்டல் முயலப்படும் என்று விடை வந்தது.

தொடங்கினோம். முத்திரை வந்தது, புள்ளிகள் சுழன்றன. மாற்றங்களை மீட்கின்றது என்னும் வாசகம் தோன்றி அசையாது நின்றது. கால் மணி, அரை மணி கடந்தது. என் கை என்னையறியாமற் பொத்தானை நோக்கி நகர்ந்தது. அவள் அக்கையைப் பிடித்துக்கொண்டாள். "பொறுங்கள் தாத்தா" என்றாள். மின்னிணைப்பைப் பிடுங்காதிருக்க வீட்டாரிடம் கூறிவிட்டு இருவரும் தேநீர் அருந்தச் சென்றோம். மீண்டு வந்து நோக்கியபோது மறைசொல் வாயில் திறந்திருந்தது.

அதன்பின் செய்தவற்றை விரைந்து கூறி முடிப்பேன். இயங்குதளக் கோப்புக்கள் சிதையாதுள்ளனவோ எனச் சரிபார்க்கும் கட்டளையை இட்டோம். வேண்டிய பொழுதெல்லாம் பின்னோக்கிச் செல்லுதற்கு மீட்புப் புள்ளி அமைத்தோம். அந்த 48 இலக்கங்களையும் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தேன். பிற்றைநாள் காலையில், ஓடிப் பிடிக்க வேண்டிய பேருந்து எதுவுமில்லாத ஓய்வுப் பொழுதில், அதே புதுப்பித்தலை மீண்டும் ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் அது தானே முடிந்தது.

இதனைப் படிக்கும் அன்பர்கட்கு யான் கூறத்தக்கவை சிலவே. கணினி எழாதபொழுது முதற்கண் ஒன்றும் செய்யாதிருங்கள். திரையில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். சங்கிலியின் எக்கண்ணி வரை நலமாக இயங்கிற்று என்று ஆராயுங்கள். திருத்துமுன் படியெடுங்கள். ஒருவகைக் குறியை ஒருவகைக் காரணத்திற்கே உரியதாகக் கொள்ளாதிருங்கள். யாவற்றினும் மேலாக, உதவ வந்தாரிடம் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுங்கள். காட்சியும் கருதலும் எத்துணை நுண்ணியவாயினும், உரைப்பான் மறைத்த ஒன்றனைத் தேடி அவை இருளில் உழலவேண்டுவதாகும்.

அருமையான எதற்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றாவது வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பது கணினி வல்லார் வகுத்த நெறி. தமக்கையாரின் குரல் இன்று என் கணினியில் ஒன்றும், புறவட்டில் ஒன்றும், பேத்தியிடத்து ஒன்றுமாக மூன்றிடத்தில் உள்ளது. விடுதி அறையில் உறக்கம் வாராத இரவுகளில் அதனைக் கேட்பதாக அவள் எழுதியிருந்தாள். கலிங்கு என்பதற்கு அவள் ஆச்சி கூறிய பொருளை யான் தவறாக எழுதியிருப்பதையும் அக்கடிதத்தில் சுட்டியிருந்தாள். ஒலிப்பதிவினை மீண்டும் கேட்டேன். அவள் கூறியதே சரி. திருத்திக்கொண்டேன்.